நாயைப் பார்த்தது போதும்

“பத்து நாளைக்கு நாயைப் பாருங்க. நாய் நல்லா இருந்தா உங்களுக்கும் ஒண்ணும் ஆகாது. அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் ஊசி போட்டுக்கலாம்.”

தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து பென்னாகரம் வரை நாய்க்கடி பட்டவருக்கு ஊசிக்கு முன்னால் கிடைப்பது இந்த மூன்று வாக்கியம்தான். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. மருந்துக்கடைக்காரர் சொல்கிறார், பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்கிறார், கடித்த நாயின் சொந்தக்காரர் கூடுதல் அக்கறையோடு சொல்கிறார். சில நேரம் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறவரே சொல்கிறார். கடிவாயில் சுண்ணாம்பு தடவுவதையும் மிளகாய்த்தூள் அப்புவதையும் மூடநம்பிக்கை என்று பேசிப் பேசி ஓரளவு குறைத்துவிட்டோம். இதைக் குறைக்க முடியவில்லை. இது மந்திரிக்கிறவர் வாயிலிருந்து வந்திருந்தால் சண்டை போடுவது சுலபம். இது அறிவியல் பேச்சு மாதிரியே வருகிறது. கேட்பவருக்குப் பிடித்த பேச்சாகவும் இருக்கிறது: இன்றைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறதே!

மூன்று வாக்கியத்தில் முதலாவது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு உண்மை. மூன்றாவது நம் நாட்டு வழிகாட்டு நெறியில் கிடையாது. ஆளைக் கொல்வது அந்த மூன்றாவதுதான்.

பத்து நாள் கணக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். வெறிநோய் வைரஸ் நாயின் மூளைக்குப் போய்ச் சேர்ந்து பெருகி, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. எச்சிலில் வைரஸ் வந்துவிட்ட நாய் அதிக நாள் தாங்காது. அறிகுறி தெரியும், சில நாளில் செத்துப்போகும். ஆகவே கடித்துப் பத்து நாள் ஆன பிறகும் அதே நாய் தின்றுகொண்டும் குரைத்துக்கொண்டும் இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருக்காது என்று முடிவு செய்யலாம். இதில் தப்பே இல்லை. உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது, இந்திய அரசின் வெறிநோய்த் தடுப்பு நெறிமுறையும் சொல்கிறது. ஆனால் எந்த இடத்தில் சொல்கின்றன? கடிபட்ட உடனே காயத்தைக் கழுவு, அன்றைக்கே முதல் ஊசியைப் போடு, கடித்தது கட்டிவைத்துக் கவனிக்கக்கூடிய நாயோ பூனையோ என்றால் கவனி, பத்து நாளும் அது நலமாக இருந்தால் மீதி ஊசிகளில் குறைக்க முடியுமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும் என்கின்றன. ஊசியைக் குறைப்பதற்காக எழுதிய விதியை, ஊசியே தொடங்காமல் இருப்பதற்கு நாம் எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்று. நாய்க்கு அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடுகிறது. “கடிக்கும்போது நல்லாத்தாங்க இருந்துச்சு, வாலைக்கூட ஆட்டுச்சு” என்பதற்கு மருத்துவத்தில் ஒரு மதிப்பும் இல்லை.

“சரி, நோய் வர ரெண்டு மூணு மாசம் ஆகும்னு சொல்றாங்களே, பத்து நாள்ல என்ன முழுகிப்போகும்?” என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வெளிப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு வாரத்தில் வெளிப்பட்டதும் உண்டு, ஒரு வருடம் கழித்து வெளிப்பட்டதும் உண்டு. வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை, நரம்பைப் பிடித்து மூளையை நோக்கி ஏறுகிறது. கணுக்காலில் கடித்தால் தூரம் அதிகம். முகத்திலும் கழுத்திலும் கடித்தால் பக்கம். குழந்தையின் உயரத்துக்கு நாயின் வாய் எட்டுவது முகமும் தலையும்தான் என்பதைத் தெருவில் ஒரு நிமிடம் நின்று பார்த்தாலே தெரியும். விரல் நுனிக் கடியும் மோசம். அங்கே நரம்பு அடர்த்தி.

இந்தப் பக்கம் தடுப்பூசியோ போட்ட மறுநாளே வேலை செய்வதில்லை. உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து முடிக்க ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் ‘சீரம் ஊசி’ என்பார்கள். அது தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள். கையில் போடுவது இல்லை, கடிவாய்க்குள்ளேயும் சுற்றியும் ஏற்றுவது. விரலில் கடி என்றால் விரலிலேயே ஏற்றுவார்கள். வலிக்கும், மறைப்பானேன். முதல் தடுப்பூசி போடும் அன்றே அதையும் போட வேண்டும். அன்று விட்டுப்போனால் அந்த முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட வேண்டும். பத்து நாள் நாயைப் பார்ப்பவர், தன் உடம்பு தயாராவதற்குத் தேவையான பத்து நாளை வைரஸுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

2022-இல் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி நாய்க்கடிக்கு ஊசி போட்டும் இறந்துபோனாள். முகத்தில் கண்ணுக்கருகே கடி. அப்போது இங்கேயும், “ஊசி போட்டும் செத்துட்டாங்க, அப்புறம் எதுக்கு ஊசி?” என்று பேசியவர்கள் உண்டு. அந்தச் சாவிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு நேர் எதிரானது. மூளைக்கு அருகே கடிபட்டால் ஊசி போட்டும் சில நேரம் தோற்கலாம் என்றால், கடிவாயை உடனே கழுவுவதும், சீரத்தை அன்றே கடிவாயில் ஏற்றுவதும், ஊசியை நாள் தவறாமல் போடுவதும் எவ்வளவு அவசியம்! அந்த நிலைமையில் பத்து நாளைத் தானாக முன்வந்து விட்டுக்கொடுப்பவரை என்ன சொல்வது?

இப்போது ‘பார்ப்பது’ என்ற காரியத்துக்கு வருவோம். நாயை யார் பார்க்கிறார்கள்? நெறிமுறை சொல்லும் கவனிப்பு என்றால், நாயைக் கட்டிவைத்து, சோறும் தண்ணீரும் வைத்து, தினமும் அதன் நடையையும் குரலையும் கவனிப்பது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் வேலைக்குப் போகும் வழியில் கடித்த நாயை யார் பிடித்துக் கட்டுவது? அது அடுத்த ஊருக்குப் போயிருக்கும். மூன்றாம் நாள் கண்ணில் படும் செவலை நாய் கடித்த செவலைதானா, அதன் கூடப் பிறந்ததா? தொப்பூர்ச் சாலையில் லாரியில் அடிபட்டுக் கிடக்கும் நாய் வெறியில் ஓடி அடிபட்டதா, சும்மா குறுக்கே போனதா? பல ஊரில் கடித்த நாயை அன்றே அடித்துக் கொன்று புதைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு பார்க்க என்ன இருக்கிறது? மூளையைச் சோதித்தால் உண்மை தெரியும், ஆனால் புதைத்த நாயைத் தோண்டிச் சோதனைக்கு அனுப்பிய கிராமத்தை நான் கேள்விப்பட்டதில்லை. பத்தாம் நாள் யாராவது கேட்டால், “நாய் இருக்குதுங்க, நேத்துக்கூடக் குரைச்சுது” என்று பதில் வரும். எந்த நாய்?

பட்டிக்குக் காவலிருக்கும் நாயின் கதை வேறு. ஆட்டுக்காரருக்கு அதை அடையாளம் தெரியும், பார்க்கவும் முடியும். ஆனால் காட்டோரத்தில் நரியோடும் தெருநாயோடும் சண்டை போடுவது அதுதான். ஊசி போட்ட நாயா என்று கேட்டால், “குட்டியா இருக்கப்ப ஒருவாட்டி போட்டோம்” என்பார்கள். எப்போதோ போட்ட ஒற்றை ஊசியை நம்பி மனித உயிரை வைக்க முடியாது. வருடா வருடம் போட்ட சீட்டு இருந்தால் மருத்துவரிடம் காட்டலாம். அவரும் காயத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்.

எதிர்த் தரப்பின் பலமான வாதத்தை அவர்கள் சரியாகச் சொல்வதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 2024-இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4.8 லட்சம். வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். பதினோராயிரம் கடிக்கு ஒரு சாவு. அதற்காக ஒவ்வொருவரும் நாலு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டுமா? கணக்கு சரி, முடிவு தப்பு. அந்த 4.8 லட்சம், பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் படியேறிப் பதிவானவர்களின் கணக்கு. பதிவாவதே ஊசிக்கு வந்ததால்தான். சாவு எண்ணிக்கை இவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஊசி ஒரு முக்கியக் காரணம். அந்தக் குறைவையே காரணம் காட்டி ஊசி வேண்டாம் என்பது, அணை இருக்கும் ஊரில் வெள்ளம் வரவில்லையே என்று அணையை இடிக்கப் போவது மாதிரி. வெறிநோயில் இறந்தவர்களின் கதையைக் கேட்டால் திரும்பத் திரும்ப வருவது மூன்றே விவரம்: ஊசி போடவில்லை, தாமதமாகப் போட்டார், பாதியில் விட்டார்.

இந்த நோய்க்கு நடுவாந்தரம் கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். டெங்குவில் பிழைக்கலாம், பாம்புக் கடியில் பிழைக்கலாம். வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால், தண்ணீரைக் கண்டு தொண்டை இழுக்கத் தொடங்கிவிட்டால், தருமபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆனாலும் செய்யக்கூடியது வேதனையைத் தணிப்பது மட்டும்தான். தப்பியவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர், அவர்களிலும் பலர் நரம்புப் பாதிப்போடு வாழ்கிறார்கள்.

“கடிக்கவே இல்லீங்க, லேசாப் பல்லு பட்டுது.” “குட்டி நாய்ங்க, அதுக்கு எங்கிருந்து வெறி?” இதுவும் அதே மரத்துக் கிளைதான். 2025-இல் உத்தரப்பிரதேசத்துக் கபடி வீரர் ஒருவர், சாக்கடையில் விழுந்த குட்டியைத் தூக்கிவிடும்போது பட்ட கடியைப் பொருட்படுத்தாமல் விட்டு, வெறிநோயில் இறந்தார். அவருடைய கடைசி நேரக் காணொளியை இங்கே பலரும் கைபேசியில் பார்த்திருப்பார்கள். அதே ஆண்டு, பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நாய்க்கடியைக் கண்டுகொள்ளாமல் விட்ட இளைஞர் ஒருவர் சில மாதம் கழித்து இறந்த செய்தி வந்தது. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்தால் தடுப்பூசியோடு சீரமும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் புண்ணில் நாய் நக்கினாலும், எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டாலும் ஆழமான கடிக்குச் சமம். காயத்தின் அளவை வைத்து வைரஸ் கணக்குப் பார்ப்பதில்லை.

குரங்கு விஷயத்தில் பத்து நாள் பேச்சு முழு அபத்தம். ஒகேனக்கல்லிலும் தீர்த்தமலையிலும் பையைப் பிடுங்க வரும் குரங்கு கீறிவிட்டால், அதைப் பத்து நாள் பார்க்கச் சொல்கிறவர் எந்தக் குரங்கைப் பார்க்கச் சொல்கிறார்? கவனிப்பு விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே எழுதப்பட்டது. குரங்கு, நரி, கீரி கடித்தால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, போய் ஊசி போட வேண்டியதுதான்.

இவ்வளவு பேரும் ஏன் தள்ளிப்போட ஒரு காரணம் தேடுகிறார்கள்? ‘தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி’ என்ற பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயம் கற்பனை அல்ல. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு நெடுங்காலம், ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தைத்தான் இந்தியாவில் போட்டார்கள். டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கசௌலியில் உருவாக்கிய மருந்து அது. வயிற்றில் தினமும் ஒன்றாக நாள் கணக்கில் போடுவார்கள். வயிறு வீங்கும், வலிக்கும், சிலருக்கு அந்த மருந்தாலேயே கை கால் விழுந்ததும் உண்டு. நம் தாத்தா பாட்டி அதைக் கண்ணால் பார்த்தவர்கள், அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. 2005-க்குள் அந்த மருந்தை நாடு முழுக்க நிறுத்தியாகிவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் போடுவது இரண்டு தோள்பட்டையிலும் தோலுக்குள் துளித் துளியாக, 0.1 மி.லி. வீதம். முதல் ஊசி, பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து என்று நாலு தடவை. தசையில் போட்டால் ஐந்து தடவை. அம்மைத் தடுப்பூசிக்கு அழும் குழந்தைகூட இதற்குக் கொஞ்சம்தான் அழும். ஆனால் பயம் மட்டும் பழைய ஊசியிலேயே நிற்கிறது.

இன்னொரு குழப்பத்தை யாரும் பேசுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் நின்று சொல்கிறேன். “ஊசி போட்டாச்சுங்க” என்று சொல்பவரிடம் சீட்டை வாங்கிப் பாருங்கள். பல நேரம் அதில் ‘டிடி’ என்று மட்டும் எழுதியிருக்கும். பக்கத்து கிளினிக்கில் காயத்தைத் துடைத்து, டெட்டனஸ் ஊசி ஒன்றைப் போட்டு, மாத்திரை கொடுத்து, “நாயைப் பாருங்க” என்று அனுப்பியிருப்பார்கள். அது இரும்பு கிழித்தாலும் போடும் ஊசி, வெறிநோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடிபட்டவர் கணக்கில் ஊசி முடிந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து ஏதாவது ஆனால் வீட்டார், “ஊசி போட்டோமே” என்றுதான் அழுவார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. சீட்டில் ‘ஏ.ஆர்.வி.’ (வெறிநோய்த் தடுப்பூசி) என்று எழுதி, அடுத்த தேதிகளும் இருக்க வேண்டும். காயம் ஆழமென்றால் சீரம் போட்டதும் எழுதியிருக்க வேண்டும். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்பினால், “சிஸ்டர், சீரம் வேணாங்களா?” என்று கேட்பதில் வெட்கமில்லை. அந்த இடத்தில் இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

ஊசிக்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதையும் ‘பார்ப்போம்’ தரப்பு தின்றுவிடுகிறது. ஆபத்தில்லை என்று முடிவுகட்டியவர் காயத்தை எதற்கு மெனக்கெட்டுக் கழுவப் போகிறார்? வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு பட்டால் உடையும். துணி சோப்பு போதும். ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடம் என்றால் எவ்வளவு நேரம் என்பது நின்று கழுவினால்தான் தெரியும், மூன்று சினிமாப் பாட்டு ஓடி முடிய வேண்டும். குழாய் இல்லாத மலைக் கிராமத்தில் ஒருவர் குடத்திலிருந்து சொம்பால் ஊற்ற, இன்னொருவர் கழுவலாம். கழுவிய இடத்தில் மஞ்சளும் வேண்டாம், காபித்தூளும் வேண்டாம், இறுக்கக் கட்டவும் வேண்டாம். தையலை முடிந்தவரை தள்ளிப்போடுவது மருத்துவரின் வேலை.

எதிர்த் தரப்பில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு மறுக்க முடியாததாக இருக்கிறது. அது அலைச்சல். சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ இறங்கி வருபவருக்கு ஒரு ஊசி என்பது ஒரு நாள் கூலியும் பஸ் காசும். ஒரு குப்பி மருந்தைப் பல பேருக்குப் பிரித்துப் போடுவதாலும், திறந்த குப்பியை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதாலும், “ரெண்டு மூணு பேர் சேரட்டும், நாளைக்கு வாங்க” என்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பிப் போகிறவர் நாளைக்கு வருவதில்லை. அவர் மலையேறிப் போய் நாயைப் பார்க்கத் தொடங்குகிறார். அவரைத் திட்டி என்ன பயன்? மிச்சமாகும் மருந்தைக் கொட்டினாலும் பரவாயில்லை, வந்தவருக்கு வந்த அன்றே குப்பியைத் திற என்று மேலிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். 28-ஆம் நாள் ஊசிக்குள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விடும் மக்கள் இவர்கள். மீதி ஊசியை அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியிலேயே போடலாம், சீட்டைப் பத்திரமாக எடுத்துப் போங்கள் என்று முதல் நாளே சொன்னால் பாதியில் நிற்பது குறையும். ஒருமுறை முழுதாகப் போட்டு முடித்தவரை மறுபடி நாய் கடித்தால் இரண்டே ஊசி, சீரம் தேவையில்லை என்பதையும் சொல்லலாம். ஊருக்குள் நடந்து வேலை செய்யும் தபால்காரருக்கும் மின்வாரியக் கணக்கெடுப்பாளருக்கும் அது பெரிய சேமிப்பு.

நாய்களுக்கே ஊசி போட்டால் பிரச்சினை தீராதா என்றால், தீரும். இலங்கையில் 1973-இல் வெறிநோய்க்கு 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு, மனிதர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுத்து, இப்போது அதை ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைத்திருக்கிறார்கள். அது ஊராட்சியும் கால்நடைத் துறையும் வருடக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை. இன்று காலை கடிபட்டவருக்கு அது பதில் ஆகாது.

நான் எல்லாவற்றுக்கும் ஊசி போடச் சொல்லும் கட்சியும் அல்ல. நாயைத் தொட்டதற்கும், சோறு வைத்ததற்கும், காயமில்லாத தோலில் அது நக்கியதற்கும் ஊசி வேண்டாம், கழுவினால் போதும். வெறிநாய் கடித்த மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டோம் என்று தெருவே திரண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் நடக்கிறது. காய்ச்சிய பாலுக்கு ஊசி தேவையில்லை. பாலுக்கு ஓடும் அதே தெரு, பிள்ளையின் கன்னத்துக் கீறலுக்குப் பத்து நாள் பொறுக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதைப் படிக்கும்போது போன வாரத்துக் கடியோ போன மாதத்துக் கடியோ ஞாபகம் வந்தால், கடித்த அதே நாயைப் பத்து நாள் கழிந்த பிறகும் உயிரோடு, நலமாக, சந்தேகமில்லாமல் பார்த்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம். நாய் செத்துவிட்டது, காணவில்லை, எது என்று தெரியவில்லை, கடித்தது குரங்கு என்றால், காலம் கடந்துவிட்டதே என்று உட்கார வேண்டாம். அறிகுறி தொடங்காத வரை மாதக் கணக்கில் தாமதமானாலும் ஊசி போடலாம், போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். போய் நின்றதும், கடித்த தேதியைக் குறைத்துச் சொல்லாமல் சொல்லுங்கள்.